களியக்காவிளை வரைக்கும்

என் ஒன்பதாவது வயதில், எங்கள் தெருவிலேயே அடிக்கடி ஓட்டலில் சாப்பிடுகிற குடும்பம் எங்களுடையதுதான் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. பூதப்பாண்டியில் என்னோடு படித்த பிள்ளைகள் பலருக்கு ஓட்டல் என்றால், காய்ச்சல் கண்ட அன்று அப்பா வாங்கி வரும் இட்லிப் பொட்டலம்தான். நானோ நெய் ரோஸ்ட்டை நுனியிலிருந்து உடைக்க வேண்டுமா, அடியிலிருந்து உடைக்க வேண்டுமா என்பதில் சொந்தமாகக் கருத்து வைத்திருந்தேன். மத்தியான இடைவேளையில் அதைக் கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

இத்தனைக்கும் எங்கள் வீடு ஓட்டலுக்குப் போகிற வீடு அல்ல. அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். விடிந்ததும் வயலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, காலில் சேற்றைக் கழுவிக்கொண்டு, பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவர். வெளியே சாப்பிடுவது வயிற்றுக்குச் செய்கிற துரோகம் என்பது அவர் எண்ணம். அம்மாவுக்கோ, தான் அரைக்காத மாவின் மேல் நம்பிக்கையே கிடையாது. நாங்கள் ஓட்டல் ஓட்டலாகப் போனது அத்தைக்காக. அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள். நாகர்கோவிலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வருகிறவர்களுக்குப் பிரேம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பாள். மூக்கில் சரியாக உட்கார்கிறதா, காதில் அழுத்துகிறதா என்று பார்த்துத் திருத்துவாள். அவளுக்கே பார்வை மிகவும் குறைவு. அவள் போட்டிருந்த கண்ணாடி அத்தனை தடிமன். அதற்குள் அவள் கண்கள் சின்னதாக, தூரத்தில் இருப்பவை போலத் தெரியும். கண்ணாடியைக் கழற்றினால் சுவர்க் கடிகாரம் அவளுக்கு வெறும் வெள்ளை வட்டம்.

பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அம்மா கேசரி கிண்டி, வாழைக்காய் பஜ்ஜி போடுவாள். அவர்கள் சாப்பிட்டுவிட்டு, போய்த் தகவல் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். தகவல் வராது. வராத தகவல் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். எங்கள் அடுக்களையில் எண்ணெய் காய்கிற மணம் வந்தாலே எதிர்வீட்டில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவார்கள். அடுத்த நாள் பைப்படியில் அம்மாவிடம், இவர்களும் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்பார்கள். ஒருநாள் அம்மா வெறும் குடத்தோடு திரும்பி வந்து அதை முற்றத்தில் வைத்துவிட்டு, இனி இந்த வீட்டில் பஜ்ஜி போடுவதாக இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அப்படித்தான் ஓட்டல் வந்தது. இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சாப்பிட வந்தது போல வருவது, ஒரே மேசையில் உட்கார்வது, காப்பி குடிப்பது, பேசுவது, போவது. பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்க ஒரு குழந்தையும் வேண்டும் என்று தரகர் சொன்னாராம். அந்தக் குழந்தை நான்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்துப் போன யாரோ ஒருவர், பெண்ணின் கண்ணாடி ரொம்பத் தடிமன், பிறக்கிற பிள்ளைக்கும் வந்துவிடும் என்று தரகரிடம் சொல்லிவிட்டார். அதன் பிறகு பெண் பார்க்கிற அன்றெல்லாம், ஓட்டல் வாசலில் வைத்து அம்மா கையை நீட்டுவாள். அத்தை கண்ணாடியைக் கழற்றி அந்தக் கையில் வைப்பாள். அது அம்மாவின் கைப்பைக்குள் போய்விடும். அதற்குப் பிறகு அத்தைக்கு நான்தான் கண். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்து வருவதைப் பார்த்து, அண்ணன் பிள்ளைமேல் எவ்வளவு பிரியம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள். உண்மையில் நான் அவளை நாற்காலிகளில் இடிக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

உட்கார்ந்த பிறகு, எல்லோரும் என்ன சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, அத்தை குனிந்து என் சடையைச் சரிசெய்கிற மாதிரி மெதுவாகக் கேட்பாள்.

“மக்கா, ஆளு எப்பிடி இருக்காவ?”

நான் பார்த்துச் சொல்வேன். மீசை இருக்கிறது. முடி முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. வாட்ச் பெரிசு. சிரிக்கவில்லை. என் தீர்ப்புகளில் கொஞ்சம் பாரபட்சம் இருந்ததை மறுப்பதற்கில்லை. எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்த ஒருவரை, ரொம்ப நல்ல மாமா என்று சொன்னேன். அவர் வீட்டிலிருந்தும் பதில் வரவில்லை.

அத்தை ஓட்டலில் எப்போதும் ஒரு இட்லிதான் சொல்வாள். அதுவும் அம்மாவின் உத்தரவு. பெண் அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள் என்று பேர் வரக் கூடாது. சாம்பார் புடவையில் சொட்டவும் கூடாது. அந்த இட்லியை அத்தை விரலால் எட்டாகப் பிய்த்து, இரண்டை வாயில் போட்டுவிட்டு மற்றதை இலையிலேயே விட்டுவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் பூவைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டு, முகம்கூடக் கழுவாமல் அடுக்களைக்குப் போய், நின்றபடியே மத்தியானச் சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிடுவாள். அத்தைக்கு ஓட்டல் சாப்பாடு பிடிக்காது என்று நான் முடிவு செய்திருந்தேன். அவளுடைய மீதி இட்லியை நான் சாப்பிடுவதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை.

முதல் ஓட்டல் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. அங்கே ரசவடை நன்றாக இருக்கும். மூன்று நான்கு தடவை அங்கேதான் போனோம், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாப்பிள்ளை. அங்கே ஒரு சப்ளையர், நல்ல மனிதர், என்னைப் பார்த்தால் சிரிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் எங்களோடு உட்கார்ந்திருக்கும்போது அவர் மேசையைத் துடைத்துவிட்டு, நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னார்.

“எல்லாருக்கும் காப்பி, பாப்பாவுக்கு ரசவடை, அக்காவுக்கு ஒரு இட்லி. எப்பவும் உள்ளதுதானே?”

மாப்பிள்ளையின் அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இங்கே அடிக்கடி வருவீர்களோ என்று கேட்டாள். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. ஆமாம் என்றார், உடனே இல்லை என்றார், பிறகு எப்போதாவது என்றார். அந்தச் சம்பந்தம் ரசவடை வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதன் பிறகு ஒரே ஓட்டலுக்கு இரண்டாம் தடவை போகக் கூடாது என்று அப்பா ஒரு விதி வைத்துக்கொண்டார். வெட்டூர்ணிமடத்தில் மீன்தொட்டி வைத்த ஓட்டல். தக்கலையில் பூரி பெரிதாக உப்பி வரும் ஓட்டல். மார்த்தாண்டத்தில் ஏசி போட்ட, உள்ளே நுழைந்ததும் அப்பா தும்ம ஆரம்பித்த ஓட்டல். கிழக்கே இருக்கிற மாப்பிள்ளைகள் தீர்ந்துபோக, தரகர் மேற்கே தேடிக்கொண்டு போனார். நாங்களும் அவர் பின்னாலேயே போனோம். எனக்கு அது ஒரு சுற்றுலாவாக இருந்தது. பெரியவர்கள் மூவரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை முடிந்தும் ஏதோ அறுப்பு முடித்து வந்தவர்கள் போல வந்து விழுவார்கள். அப்பா சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அம்மா தலைவலித் தைலத்தைத் தேடுவாள். யாரும் யாரையும் திட்டியதில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா.

களியக்காவிளையில் ஒரு வரன் இருப்பதாகத் தரகர் போன் செய்தபோது, அத்தை முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா விவரத்தைச் சொன்னார். மாப்பிள்ளைக்கு வாழைக்குலை மொத்த வியாபாரம். சொந்தக் கடை. கண்ணாடி ஒரு பிரச்சினை இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அத்தை கடைசித் துணியையும் உதறிப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

“அண்ணே, களியக்காவிளை தாண்டினா கேரளா. அங்க நமக்கு ரேஷன் கார்டு கிடையாது, கேட்டியளா.”

அப்பா சிரிக்க முயன்றார். இதுதான் கடைசி, இதற்கு மேல் உன்னை அலைக்கழிக்கமாட்டேன் என்றார். போன தடவையும் அதைத்தான் சொன்னார் என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்.

மாப்பிள்ளையின் போட்டோ அப்பாவின் போனுக்கு வந்தது. கடற்கரையில் நின்று எடுத்தது. கொஞ்சம் பருமன். தாடையில் ஒரு பெரிய மச்சம். அத்தை போனைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நான்தான் வாங்கி வாங்கிப் பார்த்தேன்.

கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்த வெயில் காலம் அது. வடசேரியில் பஸ் மாறி உட்கார்ந்தோம். மார்த்தாண்டத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துக்கொண்டு பஸ் நகரவே இல்லை. அம்மா அத்தையின் பூ வாடாமல் இருக்க ஈரக் கைக்குட்டையை அதன்மேல் போட்டு வைத்திருந்தாள். அத்தை ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துத் தூங்கினாள். களியக்காவிளையில் இறங்கும்போது அவள் நெற்றியில் கம்பி போட்ட கோடு விழுந்திருந்தது. அம்மா அதைப் பவுடர் போட்டு மறைத்தாள். பிறகு, கண்ணாடி ஒரு பிரச்சினை இல்லை என்று அவர்கள் சொல்லியிருந்தும், வழக்கம்போலக் கையை நீட்டினாள். அத்தை கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள்.

ஓட்டல் சந்தைக்குப் பக்கத்தில், நீளமான ஒரு கூடமாக இருந்தது. சைவ ஓட்டல்தான். போர்டில் பாதி தமிழ், பாதி மலையாளம். கல்லாவை ஒட்டின கண்ணாடிப் பெட்டிக்குள், நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி அடுக்கியிருந்தது. சொன்ன நேரத்துக்கு நாங்கள் கொஞ்சம் பிந்திவிட்டோம்; ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் யாரும் வாசலில் இல்லை. நடுவில் ஒரு மேசையைப் பிடித்தோம். அப்பாவும் அம்மாவும் வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நானும் அத்தையும் அவர்களுக்கு எதிரே, கூடத்தின் உட்பக்கத்தைப் பார்த்து.

காப்பி வந்தது. குடித்தோம். ஆட்கள் வந்த பிறகு சாப்பிடலாம் என்று அம்மா சொல்லிவிட்டதால் எனக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை. அப்பா தரகருக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. சப்ளையர் வந்து வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். ஆட்கள் வர வேண்டும் என்றார் அப்பா. இன்னொரு காப்பி சொன்னார். பக்கத்து மேசைகளில் ஆட்கள் வந்து சாப்பிட்டு எழுந்து போனார்கள். வாசலில் வேட்டி கட்டிய யார் நுழைந்தாலும் அப்பா பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

எனக்குப் பசி. பசியில் அடுத்தவர் தட்டுகளைப் பார்க்கிற பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. கூடத்தின் உள்ளே, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மேசையில், ஒருவர் மசால்தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோசைக்குள் கிழங்கு சிவப்பாக இருந்தது. பீட்ரூட் போட்ட கிழங்கை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதைச் சாப்பிடுகிறவரின் முகத்தைப் பார்த்தேன். தாடையில் மச்சம் இருந்தது.

அவரோடு இரண்டு பெண்கள். அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். தட்டுகளில் பாதி காலியாகியிருந்தது. மூன்று பேரும் எங்கள் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அத்தையின் இடுப்பில் இடித்தேன்.

“அத்தே, மாப்பிள்ள மாமா அங்க இருக்காவ.”

வாசல் பக்கமா என்று அத்தை கேட்டாள். இல்லை, உள்ளே, தோசை சாப்பிடுகிறார் என்றேன். அத்தை அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பினாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நன்றாகப் பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

பார்த்துச் சொன்னேன். வயசான பெண் ஒருத்தி, சாய்ந்து சாய்ந்து இங்கே பார்க்கிறாள். இன்னொருத்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருமுறை போனைப் பார்க்கிறாள், ஒருமுறை அத்தையைப் பார்க்கிறாள். அவர் ஏதோ சொல்கிறார். பெரியவள் உதட்டைப் பிதுக்குகிறாள். இப்போது அவர் சட்னி கேட்கிறார்.

“இங்க வருவாவளா அத்தே?” என்று கேட்டேன். எனக்கு அது கண்ணாமூச்சி விளையாட்டு போலத் தெரிந்தது. யார் முதலில் எழுந்து வருவது என்பதுதான் பந்தயம் என்று நினைத்தேன்.

“வரமாட்டாவ,” என்றாள் அத்தை. பிறகு, உதடு அசையாத மாதிரி சொன்னாள்: “அப்பாட்ட சொல்லாண்டாம், கேட்டியா மக்கா. அவியளுக்குத் தெரியாண்டாம்.”

அப்பா அதற்குள் நாலாவது தடவையோ என்னவோ தரகருக்கு முயன்றுவிட்டு, போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். மூன்றாவது காப்பியைக் குடித்த கையை எதற்குக் கழுவ வேண்டுமோ தெரியவில்லை, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து உள்ளே போனார். அவர்கள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்பா கொஞ்ச நேரம் குழாயடியிலேயே நின்றார். திரும்பி வந்தவர், இந்தப் பக்கம் காற்றே வரவில்லை என்று சொல்லிக்கொண்டு, தன் நாற்காலியை இழுத்து அத்தைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். அப்பாவுக்கு அகலமான முதுகு. எனக்கு அந்த மேசை முழுக்க மறைந்துபோனது. விளையாட்டைக் கெடுத்துவிட்டாரே என்று எரிச்சலாக வந்தது.

அப்போதுதான் தரகரின் போன் வந்தது. அப்பா கேட்டார். சரி என்றார். பரவாயில்லை என்றார். வைத்துவிட்டு எங்களிடம், “வண்டி கேடாயிப் போச்சாம். இன்னொரு ஞாயித்துக்கிழம பாக்கலாம்னு சொல்லுகாவ,” என்றார்.

அம்மா, வண்டி கெட்டதை இவ்வளவு நேரம் கழித்துத்தான் சொல்வார்களா என்றாள். அந்த மூன்று பேரும் எழுந்து வந்தார்கள். கல்லாவுக்குப் போகிற வழி எங்கள் மேசையை ஒட்டித்தான். எங்களைத் தாண்டும்போது அந்த வயசான பெண் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள். அப்பா காப்பித் தம்ளரின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மைனி, கண்ணாடிய எடுங்க,” என்றாள் அத்தை.

எதற்கு இப்போது என்று அம்மா கேட்டாள். அத்தை கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். அத்தை முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்து, போட்டுக்கொண்டு, நாற்காலியிலிருந்து முழுக்கத் திரும்பிக் கல்லாவைப் பார்த்தாள். மாப்பிள்ளை பெருஞ்சீரகத் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர், அத்தை தன்னைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். அத்தை முறைக்கவில்லை. கடையில் ஒருவர் மூக்கில் பிரேம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பாளே, அதே மாதிரி நிதானமாகப் பார்த்தாள். அவர் பெருஞ்சீரகத்தை வாயில் போடாமலே கையை மூடிக்கொண்டு, அந்தப் பெண்களுக்கு முன்னால் படியிறங்கிப் போனார்.

அத்தை மறுபடி மேசைப் பக்கம் திரும்பினாள். கையைத் தூக்கிச் சப்ளையரைக் கூப்பிட்டாள். நான் அவள் ஓட்டலில் யாரையும் கூப்பிட்டுப் பார்த்ததில்லை.

“புட்டும் கடலையும் இருக்கா? கொண்டுவாங்க. ஒரு மசால்தோச. நாலு பழம்பொரி. பிள்ளைக்கு என்ன வேணும்னு கேளுங்க.”

அம்மா பதறிவிட்டாள். வெயிலில் வந்த வயிறு, கெட்டுப்போகும் என்றாள். அப்பா அம்மாவைக் கையமர்த்தினார். “கொண்டுவரட்டு,” என்றார். பிறகு, தனக்கும் ஒரு தோசை சொன்னார். அப்பா தானாக ஓட்டலில் ஒன்றைக் கேட்டுச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். கடைசியில் அம்மாவும் ஒரு அப்பம் சொன்னாள். அது புளிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

புட்டு ஆவியோடு வந்தது. அத்தை அதை உடைத்துக் கடலைக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஐந்து விரலும் படச் சாப்பிட்டாள். குழம்பு ஒரு சொட்டுப் புடவையில் விழுந்தது. அம்மா பார்த்தாள், சொல்லவில்லை. அத்தை தோசையில் பாதியை எனக்குப் பிட்டுக் கொடுத்தாள். அந்தச் சிவப்புக் கிழங்கு லேசாக இனித்தது. நடுவில் ஒருதரம் அத்தை கண்ணாடியைக் கழற்றி, புட்டின் ஆவி படிந்துவிட்டது என்று துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். அப்பா அப்போது என்னிடம் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் நடக்கிறது என்று கேட்டார். என் படிப்பைப் பற்றி அப்படி ஒரு அக்கறை அவருக்கு அதற்கு முன் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் ஒவ்வொரு பாடமாகச் சொல்லி முடிக்கிறவரை அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அதோடு பெண் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. தரகரிடம் அப்பா என்ன சொன்னார் என்று தெரியாது; அவர் போன் செய்வதை நிறுத்தினார். நான் கொஞ்ச நாள் ஏக்கமாக இருந்தேன். அடுத்த மாப்பிள்ளை எப்போது வருவார் என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டு, தலையில் குட்டு வாங்கினேன். வகுப்பில் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாமல் போய், சிவப்புக் கிழங்கு வைத்த தோசையையே பல மாதங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்காக அவள் வாழ்க்கை முடிந்துபோய்விடவும் இல்லை. அதே கடையில் இப்போது அவளுக்குக் கீழே இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறாள், சாயங்காலம் நின்றுகொண்டே வருகிறாள். கால் வலிக்கிறது என்கிறாள். மற்ற எல்லோருக்கும் இருக்கிற அலுப்பு அவளுக்கும் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வெளியே சாப்பிடப் போவதுண்டு. அப்பாவுக்கு இப்போது ஓட்டல்மேல் பழைய விரோதம் இல்லை. ஓய்வு பெற்றுவிட்டார், வேறு போக்கிடமும் இல்லை.

போன மாதம் அப்படித் தக்கலையில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்திருந்தோம். அம்மா வரவில்லை. அத்தை சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போயிருந்தாள். என்ன தோன்றியதோ, நான் அப்பாவிடம் அந்தக் களியக்காவிளை சங்கதியைச் சொன்னேன். வண்டி ஒன்றும் கெடவில்லை, அவர்கள் உள்ளேதான் இருந்தார்கள், உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்கள் என்றேன். இவ்வளவு வருஷம் கழித்து அவருக்கு அது வலிக்காது என்று நினைத்தேன்.

அப்பா தண்ணீர்த் தம்ளரை நகர்த்தி வைத்தார்.

“தெரியும் மக்கா. கை கழுவப் போனப்பமே பாத்தேன்.” குழாய்ப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, “அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணாடி போடாமல்லா இருந்தா. நீயும் சொல்லீராத,” என்றார்.

போகும்போது கண்ணாடி போட்டுத்தானே பார்த்தாள் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் அவர் அன்று தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை திரும்பிப் பார்த்ததைப் பார்க்கவில்லை. அல்லது பார்த்துவிட்டு, பார்க்காததாக வைத்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள். என்ன பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். காப்பி சொல்லட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்றார் அப்பா. பொய் சொல்ல வராத மனிதர். எவ்வளவு லேசாகச் சொன்னார்.

அன்று களியக்காவிளையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. அம்மா முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் அத்தை, இந்தப் பக்கம் அப்பா, நடுவில் நான். அத்தை வெளியே பார்த்தாள். அப்பா எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தார். நான் இரண்டு பேரிடமும் மாறி மாறி ஏதேதோ கேட்டேன். இரண்டு பேரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். குழித்துறை தாண்டியது, மார்த்தாண்டம் தாண்டியது, ஒரு வார்த்தை பேசவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டால் பெரியவர்களுக்குப் பேச்சு வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அப்பாவின் மேல் சாய்ந்து தூங்கிப்போனேன்.